இதரவை: நாற்பது வாட்

ஏப்ரல் 6, திங்கள். பெரம்பலூர்.

எனக்கு இன்று எழுபத்திரண்டு ஆண்டு, ஐந்து மாதம், பதினோரு நாள். காலை எட்டு மணிக்கே வாசலில் கால் வைக்க முடியாத வெயில். இன்றைய வேலை: வண்டிக்கு மின்சாரம் தேடுவது.

வண்டி வந்து ஒரு வாரம். பழைய ஆம்புலன்ஸ். சைரனைக் கழற்றியாயிற்று. உள்ளே இரண்டு பெஞ்சுக்கும் மெத்தை, ஜன்னலுக்குத் திரை, மூலையில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், கூரையில் சூரியத் தகடு. வெள்ளைப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தும் சிவப்பு எழுத்துகள் அடியிலிருந்து தெரிகின்றன. தெருவில் நிறுத்தியதும் எதிர்வீட்டு அம்மாள் ஓடி வந்து, "யாருக்கு என்னாச்சுங்க?" யாருக்கும் ஒன்றுமில்லை என்றதில் அவருக்குச் சிறிய ஏமாற்றம்.

காரணம்: 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை நாகர்கோவிலில் காதுகுத்து. என் நாத்தனார் சரோஜாவின் பேத்திக்கு. குழந்தையின் தாய், சரோஜாவின் மகள் கலா, போன மாதமே தொலைபேசியில்: "அத்தை, என் கல்யாணத்துக்குத்தான் முகூர்த்தத்துக்கு நிக்கல. தாய்மாமன் வூடுன்னு சொல்லிக்க நீங்க ஒருத்தர்தான். இதுக்காச்சும் ராத்திரி தங்குங்க." ஏழு ஆண்டு ஆறப்போட்டுச் சொன்ன வார்த்தை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் பிறர் வீட்டில் நான் படுப்பதில்லை. விடுதியிலும் இல்லை. உறவில் அனைவருக்கும் தெரியும். படித்த திமிர் என்று பெயர். இருக்கட்டும். ஆகவே வண்டி. அவர்கள் வாசலில், என் படுக்கையில்.

சரோஜாவும் என்னோடு வருகிறாள். பேருந்தில் அவளுக்கு வாந்தி.

ஒரு நாளைக்கு வேண்டியவை (வாட்-மணிக் கணக்கு):

1. ஃப்ரிட்ஜ். சரோஜாவின் இன்சுலினுக்காக. 540.
2. மின்விசிறி இரண்டு. 240.
3. கைப்பேசிகள், மடிக்கணினி. 60.
4. விளக்கு. 20.
5. இதரவை. 40 வாட், எட்டு மணி நேரம். 320.

மொத்தம் 1180.

ஐந்தாவது ஒரு கருவி. இரவில் எனக்கு அது ஓடியாக வேண்டும். என்ன கருவி என்று இங்கேயும் எழுதப்போவதில்லை. நாட்குறிப்பு என்பது எழுதியவள் செத்த பிறகு உறவினர் வட்டமாக உட்கார்ந்து படிக்கும் பொருள்.

பால் பாக்கெட்டில் ஓட்டை. பாதி வாசற்படியில்.

ஏப். 7, செவ்வாய்.

பஷீர் பாயின் பேட்டரிக் கடை. என்னிடம் படித்த மாணவர். இயற்பியலில் தேறவில்லை. முடி என்னைவிட வெளுத்திருக்கிறது.

அவருடைய முதல் வாக்கியம்: "நாலு ஃபேனு, ஆறு லைட்டு, ஒரு டிவி. கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம் மேடம்."

இந்த ஊரில் மின்சக்தியின் அலகு ஃபேன். முப்பத்து மூன்று ஆண்டு கரும்பலகைக்கு முன்னால் நின்று வாட், வாட் என்று கத்தியது வீண். அதைச் சொன்னேன்.

"நீங்க ஃபெயில் போட்டதாலதான் மேடம் கடை வச்சேன். பாஸ் போட்டிருந்தா நானும் வாத்தியாராப் போயிருப்பேன். அல்லாஹ் காப்பாத்துனான்."

பார்த்தவை மூன்று.

(அ) வீடுகளில் இருக்கும் ட்யூபுலர் பேட்டரியும் இன்வெர்ட்டரும். ஓர் ஆள் கனம். தண்ணீர் ஊற்ற வேண்டும். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும். சார்ஜ் ஏறும்போது ஆவி விடும். மூடிய வண்டிக்குள் அதைத் தலைமாட்டில் வைத்துப் படுப்பது மூடத்தனம்.

(ஆ) பெட்ரோல் ஜெனரேட்டர். "கல்யாண மண்டபத்துல எல்லாம் இதான் மேடம்," என்று இழுத்துக் காட்டினார். கடை முழுக்கப் புகை. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "பாய், கரண்டு இருக்கு பாய்." வேண்டாம்.

(இ) கையில் தூக்கும் லித்தியப் பெட்டி. 1500 வாட்-மணி. பதினெட்டு கிலோ. புகையில்லை, சத்தமில்லை, தண்ணீர் கேட்காது. சுவர் பிளக்கிலும் ஏறும், கூரைத் தகட்டிலும் ஏறும், ஓடும் வண்டியிலும் மெதுவாக ஏறும். விலைதான் மற்ற இரண்டையும் விட அதிகம்.

என் பட்டியலை வாங்கிப் பார்த்து, "இந்த அஞ்சாவது என்ன மேடம்?"

"இதரவை."

"மோட்டார் ஐட்டமா, ஹீட்டர் ஐட்டமா? மோட்டாருன்னா எடுக்கறப்ப கொஞ்சம் கூட இழுக்கும்."

நியாயமான கேள்வி. தேர்வில் இப்படி ஒன்று கேட்டிருந்தால் தேறியிருப்பார். "சின்ன மோட்டார்," என்றேன்.

"மிக்ஸியா?"

"இல்லை."

மேற்கொண்டு கேட்கவில்லை. (இ) வாங்கியாயிற்று. கூடவே அறுபது பக்கக் குறிப்பேடு, எறும்பு எழுத்து. படிக்கவில்லை. ஓம் விதி தெரிந்தவளுக்கு இதில் என்ன புதிதாக இருக்கப்போகிறது.

ஏப். 8, புதன்.

உடையார்பாளையத்திலிருந்து பகல் பேருந்தில் சரோஜா. இனி ச. என் கணவரின் தங்கை. வயது அறுபத்தெட்டு. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் போன பிறகும் இந்த வீட்டுக்கு வந்து போகிற ஒரே ஆள். வரும் ஒவ்வொரு தடவையும் சண்டை.

கொண்டுவந்தவை: முந்திரிப் பருப்பு ஒரு பை. துணி தைக்கும் பெட்டி. ஈரத்துணி சுற்றிய சின்ன மண்பானை, அதற்குள் நான்கு இன்சுலின் குப்பிகள். பேருந்து முழுக்க மடியிலேயே வைத்திருந்தாளாம்.

லித்தியப் பெட்டியைப் பார்த்து: "இத்தனூண்டு பொட்டியா ஃப்ரிட்ஜ ஓட்டும்? எனக்குப் பானையே போதும் அண்ணி. டாக்டரே சொன்னாரு."

ஆவியாதல், குளிர்ச்சி, ஈரப்பதம் பற்றி விளக்கினேன். பானை வேலை செய்யும் என்பதும் அந்த விளக்கத்திலேயே வந்துவிட்டது. அவள் கவனித்துவிட்டாள்.

பிறகு வண்டிக்குள் ஏறி மெத்தையை அழுத்திப் பார்த்து, "ஒண்ணு ஒங்களுக்கு, ஒண்ணு எனக்கு."

வழியில் அவளுக்கு விடுதியில் அறை போடுவதாக இருந்தேன். சொன்னேன்.

"லாட்ஜுல நான் படுக்க மாட்டேன். எவன் படுத்த பாயோ. பெஞ்சு ரெண்டு இருக்குல்ல, பொறவு என்ன?"

இது கணக்கில் வராத சிக்கல். இரண்டு பெஞ்சுக்கும் நடுவே இரண்டடி.

மாலைக்குள் பெட்டிக்கு ஓர் உறை தைத்துவிட்டாள். அவள் வீட்டில் மிக்ஸிக்கு உறை, கிரைண்டருக்கு உறை, டிவிக்கு உறை, ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை, தையல் இயந்திரத்துக்கே உறை. உறையில்லாத பொருள் அவள் கண்ணுக்குத் துணியில்லாத மனிதன். இது மீந்த திரைத்துணியில். நீலக் கட்டம், ஓரத்தில் மஞ்சள் பட்டி. முன்புறம் பிளக்குக்கும் எண் தெரியும் இடத்துக்கும் இரண்டு ஜன்னல். கீழே கட்ட நாடா. குறை சொல்ல இடமில்லை. அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி போகும் சாலையில் அரைமணி நின்றால் காபியே வெளுத்துவிடும். உறையை மாட்டி, நாடாவை இறுக்கிக் கட்டினேன்.

கடைவாய்ப் பல் வலி. இடது.

ஏப். 10, வெள்ளி.

நேற்றிரவு முதல் சோதனை. வீட்டு வாசலில், வண்டிக்குள் நான் மட்டும். ச. வீட்டுக்குள். ஐந்தும் ஓட்டத்தில். அவள் இன்சுலின் நான்கு குப்பியும் ஃப்ரிட்ஜில். சோதனை என்றால் முழுச் சோதனை என்று பிடிவாதமாக வாங்கி வைத்தவள் நான்.

மூன்று மணி அளவில் இதரவை நின்றது. விழித்துக்கொண்டேன். விசிறி இல்லை, விளக்கு இல்லை, பெட்டி இருட்டு. விடியும்வரை வண்டிப் படியில். எதிர்வீட்டு நாய் மட்டும் துணை. அதற்கும் என்மேல் நல்ல அபிப்பிராயமில்லை.

ஆறு மணிக்கு ச. காபியோடு வந்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்து குப்பியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"வெதுவெதுன்னு இருக்கு."

நான்கையும் எடுத்துப்போய்ப் பானையில் வைத்தாள். மருந்துக்கடையில் கேட்டேன்: இரண்டு மூன்று மணி நேரம்தானே, கெடாது. ச.விடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தது வேறு.

"நான் வரல அண்ணி. நீங்களும் வர வேணாம். வராம இருக்க ஒங்களுக்கு ஒரு சாக்கு வேணும். இந்தப் பொட்டி கெடைச்சிருச்சு."

"பெட்டி நின்றதற்கும் நான் வருவதற்கும் என்ன சம்பந்தம்?"

"முகூர்த்தத்துக்கு நிக்காதவங்க காதுகுத்துக்கு நிக்கப்போறாங்களாக்கும். கலாகிட்ட நான் சொல்லிக்கறேன். அத்தைக்குத் தலவலின்னு."

தலைவலி என்ற சொல்லை அழுத்திச் சொன்னாள். அன்றைக்கு நான் சொன்ன காரணம் அது.

மதியம் சாப்பிடவில்லை, இருவரும். பிறகு தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

ஏப். 11, சனி.

நான்கு தடவை கணக்குப் போட்டாயிற்று. 1180. பெட்டி 1500. ஓரிரவில் நிற்க வழியில்லை. ஐந்தாவது தன்மேல் எழுதியிருப்பதைவிட அதிகம் இழுத்தாலொழிய. பழைய மோட்டார். எட்டு ஆண்டு. குற்றவாளி அதுதான்.

அதை நீக்கினால் 860. தாராளம்.

ஒரு நாளும் விடக்கூடாது என்று திருச்சி மருத்துவர் சொன்னது. அவருக்குக் காதுகுத்து இல்லை. போக, தங்க, வர ஒன்பது நாள் அது இல்லாமல் இருந்துகொள்ளலாம். உட்கார்ந்தபடி தூங்கினால் ஓரளவு சமாளிக்கலாம் என்று எங்கோ படித்தது. இரண்டடி தூரச் சிக்கலும் இதோடு தீர்ந்தது. முடிவு: ஐந்தாவது வீட்டிலேயே இருக்கும்.

ஆனாலும் பஷீர் பாயைக் கூப்பிட்டுக் காய்ச்சினேன். பொறுமையாகக் கேட்டார். "பொட்டிய எங்க வச்சிருக்கீங்க மேடம்? காத்தோட்டமா இருக்கா?"

"வண்டிக்குள். ஜன்னல் திறந்துதான் இருக்கிறது."

"அப்பச் சரி. இன்னொரு தபா ஓட்டிப் பாருங்க. இன்ஷா அல்லாஹ்."

ச. ஊருக்குப் போவதாகச் சொன்னாள். நாளை ஒரு சோதனை பார்த்துவிட்டுப் போ என்றேன். வாழ்நாளில் அவளிடம் நான் கேட்டுக்கொண்ட முதல் காரியம் என்று நினைக்கிறேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். பையைக் கீழே வைத்தாள்.

ஏப். 12, ஞாயிறு.

ரஞ்சன்குடி. ஓட்டுநர் செல்வராசு, அரசுப் பேருந்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேகத்தைக் குறைக்கிறார். ச. பின்னால், கையைக் கட்டிக்கொண்டு, மடியில் பானை. குப்பிகளைத் தர மறுத்துவிட்டாள். ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டில்தான்.

கோட்டை அடிவாரத்தில் நிறுத்தம். நிழல் தேடி வண்டியை விட்டால் கூரைத் தகட்டுக்கு வெயில் இல்லை. வெயிலில் விட்டால் எங்களுக்கு உயிர் இல்லை. வெயிலில்தான் விட்டோம். தகட்டிலிருந்து ஏறுகிறது, ஃப்ரிட்ஜும் விசிறிகளும் ஓடுகின்றன. ஐந்தாவது வீட்டு அலமாரியில், பூட்டில்.

அதற்குள் ஆடு மேய்ப்பவர், சர்பத் கடைக்காரர், இரண்டு பெண்கள். "கோட்டையில எவனோ விழுந்துட்டானாம், ஆம்புலன்ஸ் வந்திருக்கு." செல்வராசு, "யாரும் விழலங்க, நாங்க சும்மா வந்தோம்." யாரும் நம்பவில்லை. சும்மா ஆம்புலன்ஸில் வருகிறவர்கள் உண்டா.

பன்னிரண்டரை. செல்வராசு உள்ளே எட்டிப் பார்த்து: "அம்மா, பொட்டியில கரண்டி மாதிரி ஒரு படம் மினுக்குது."

பார்த்தேன். கரண்டிதான். குழிப்பக்கம் கீழே, காம்பு மேலே. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் நின்றது.

ச. பின்னாலிருந்து: "ம்."

ஐந்தாவது பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால், பூட்டிய அலமாரியில். ஆக அதுவன்று. அளந்து பார்க்காமலே அதன்மேல் பழி போட்டிருக்கிறேன். மறைத்து வைத்த பொருள் என்பதால் முதலில் அதன்மேல்தான் சந்தேகம் போயிற்று. ஆய்வகத்தில் ஒரு மாணவன் இப்படிச் செய்திருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன்.

குறிப்பேட்டைக் கையிலெடுத்தேன், உருப்பெருக்கியோடு. நாற்பத்தொன்றாம் பக்கம். கரண்டி அல்ல, வெப்பமானி. உள்ளே சூடு மிகுந்தால் பெட்டி தானாக நின்றுவிடும். இருபுறமும் உள்ள காற்றுத் துளைகளை எந்தத் துணியாலும் மூட வேண்டாம்.

எந்தத் துணியாலும்.

நாடாவை அவிழ்த்தேன். உறையைத் தூக்கினேன். இரண்டு பக்கமும் வரிசையாகத் துளைகள். உள்ளிருக்கும் விசிறி இத்தனை நாளும் நீலக் கட்டத்தை எதிர்த்து ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. பெட்டியைத் தொட்டால் இட்லிப் பானை.

ச. உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் சின்னதாகிவிட்டது.

"நீ தைத்தாய். கட்டியவள் நான். துளையைப் பார்த்திருக்க வேண்டியவளும் நான்," என்றேன்.

ச. குனிந்து துளைகளைப் பார்த்து: "பிஎச்டி படிச்சவங்களுக்குத் தொளை தெரியாதா அண்ணி?"

"எம்.எஸ்சி. தான்."

"அதான் பார்த்தேன்."

செல்வராசு ஆறுதலுக்காகத் தன் கதையைச் சொன்னார். ஆயுத பூசைக்குப் பேருந்தின் முகத்தில் ஆளுயர மாலை போட்டுவிட்டு அதோடே பழனிக்கு ஓட்டினாராம். ரேடியேட்டருக்குக் காற்றில்லை. நடுவழியில் எஞ்சின் கொதித்து, ஐம்பது பேர் இறங்கி நடந்தார்கள். "சாமி மாலைன்னு கழட்ட மனசு வரலம்மா."

அரை மணி கழித்துப் பெட்டி தானே உயிர் பெற்றது. மீதம் எழுபத்தெட்டு விழுக்காடு. சாயங்காலம்வரை நிற்கவில்லை. சர்பத் நன்றாக இருந்தது, நன்னாரி.

உறையை ச. மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். ஊருக்குப் போகும் பேச்சு இல்லை.

ஏப். 13, திங்கள்.

மூன்றாம் சோதனை, நேற்றிரவு. வாசலில், நான் மட்டும், ஐந்தும் ஓட்டத்தில், உறை இல்லாமல். காலை ஆறு மணிக்கு மீதம் நாற்பத்தொரு விழுக்காடு. ஏழு மணி நேரம் தூங்கியிருக்கிறேன். பஷீர் பாயைக் கூப்பிட்டு, குற்றம் என்னுடையது என்று சொன்னேன். "இத எழுதிக் குடுங்க மேடம், கடையில மாட்டிக்கறேன்."

ச. தண்ணீர் பாட்டிலைத் தொட்டு, "ஜில்லுனு இருக்கு." குப்பி இரண்டை ஃப்ரிட்ஜில் வைத்தாள், இரண்டைப் பானையிலேயே விட்டாள். "ரெண்டுலயும் இருக்கட்டும்." குறை சொல்ல முடியாத ஏற்பாடு. நானே சொல்லியிருக்க வேண்டியது.

பிறகு உத்தரவு: "அடுத்த திங்கக்கெழம ஏழரைக்குள்ள கெளம்பிரணும். அப்பறம் ராகு காலம்."

ஆக, போகிறோம். பெட்டி பிரச்சினை தீர்ந்தது. தீர்ந்ததால் மற்றது திரும்பி வந்துவிட்டது. ஐந்தாவதை ஓட்டினால் ச. பார்ப்பாள். இரண்டடி. திரை போட்டாலும் சத்தம் கேட்கும். ஓட்டாவிட்டால் நான் உட்கார்ந்து தூங்க வேண்டும், அதையும் பார்ப்பாள்.

(அ) அவளுக்கு விடுதி. மறுத்துவிட்டாள்.
(ஆ) கருவியை வீட்டில் விடுவது. நேற்றுவரை வீரமாக இருந்தது. ஏழு மணி நேரம் தூங்கிய பிறகு முட்டாள்தனமாகத் தெரிகிறது.
(இ) சொல்வது.

பேட்டரியைத் தேர்ந்தெடுக்க ஒரு பகல் போதுமாக இருந்தது.

பல் மருத்துவர் வியாழக்கிழமை.

ஏப். 14, செவ்வாய். சித்திரை முதல் நாள்.

புழுக்கம். மேகம் வந்து ஏமாற்றிவிட்டுப் போயிற்று. ச. மாங்காய்ப் பச்சடி வைத்தாள், வேப்பம்பூ கொஞ்சம் தூக்கல். எனக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே.

சாப்பிட்டுக் கை கழுவிய பின் அலமாரியைத் திறந்து கருவியை எடுத்து வந்தேன். சாப்பாட்டு மேசையில் வைத்தேன். பெட்டி, வளைந்த குழாய், முகத்தில் மாட்டும் மூடி, தலைக்குப் பின்னால் போகும் பட்டி.

"என்ன அண்ணி இது? கொசு மருந்து அடிக்கறதா?"

"தூங்கும்போது எனக்கு மூச்சு நின்று நின்று வரும். இதை மூக்கில் மாட்டிக்கொண்டால் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். இது இல்லாமல் படுக்கக்கூடாது. எட்டு வருடமாக."

மூடியைக் கையில் எடுத்தாள். திருப்பினாள். குழாயின் ஓட்டைக்குள் பார்த்தாள். தன் மூக்கில் ஒரு கணம் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தாள்.

"யாருக்குத் தெரியும்?"

"திருச்சி டாக்டருக்கு. இப்போது உனக்கு."

"எங்கண்ணனுக்கு?"

"அவர் போன பிறகு வந்தது. குறட்டைதான் அவருக்குத் தெரியும்."

"அது தெருவுக்கே தெரியும்."

நான் சிரிக்கவில்லை. அவளும் இல்லை. குழாயைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். துணியாக இருந்தால் இந்நேரம் ஓரம் அடித்திருப்பாள்.

"கலா கல்யாணத்தன்னிக்கு, சீர் வச்சுட்டு, தலவலின்னு கடைசி பஸ்ஸுக்குப் போனீங்களே. விடிஞ்சா முகூர்த்தம். தாய்மாமன் மனை காலியாக் கெடந்துச்சு. அது இதுக்காகவா?"

"ஆமாம்."

குழாயை மேசையில் வைத்தாள். பிறகு கோபமாகக்கூட இல்லை, கணக்குக் கேட்பது போல:

"மண்டபத்துல ஜெனரேட்டர் இருந்துச்சே அண்ணி. ராத்திரி பூரா ஓடுச்சே."

இருந்தது. அன்றே பார்த்தேன், சமையற்கட்டுக்குப் பின்னால். எனக்குப் பாய் போட்ட இடத்துக்கு நேர் மேலே சுவரில் பிளக்கும் இருந்தது. அந்தக் கூடத்தில் இருபது பெண்கள் வரிசையாக ஜமுக்காளத்தில். அவர்களுக்கு நடுவே இதை முகத்தில் மாட்டிக்கொள்ள எனக்கு வெட்கம். கருவி அன்று என் பையில்தான் இருந்தது.